காலடியில் கிடக்கும் வரலாறு

பெருநாள் நெருங்கினால் நம் ஊர்க் கடைகளில் வினைல் விரிப்பு சுருள் சுருளாக நிற்கும். இதற்கு முன்னோடி லினோலியம். இங்கிலாந்தின் பிரெடரிக் வால்டன், பெயின்ட் வாளியில் ஆளிவிதை எண்ணெய் தோல்போல் இறுகியிருப்பதைக் கவனித்தார். அதோடு தக்கைத்தூள் கலந்து, துணியில் அழுத்தித் தரைவிரிப்பாக்கி, 1863 இல் காப்புரிமை பெற்றார். லினோலியம் என்று பெயரிட்டவரும் அவரே. ஆனால் அது பொதுப்பெயராகிவிட்டது, யாரும் பயன்படுத்தலாம் என 1878 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரை இழந்தும் வால்டனை வரலாறு மறக்கவில்லை.

நம் உம்மும்மாமார் பன்புல் வெட்டி, காயவைத்து, சாயமிட்டு இழைத்த பாய்களில்தான் நாம் படுத்து வளர்ந்தோம். அவர்களில் ஒருவரின் பெயரையாவது எழுதி வைத்திருக்கிறோமா? வினைல் விரிக்க முன்னர், மூலையில் சுருட்டி வைத்த பாயை இழைத்தது யாரென்று உம்மாவிடம் கேட்போம். எழுதி வைப்போம்.