ஜிம்முக்கு முன்னால் ஒரு வில்லியம்ஸ்

ஜோசப் கான்ராடின் ‘லார்டு ஜிம்’ (1900) நாவலைப் படித்தவர்கள் ஜிம்மின் குற்றவுணர்வைப் பற்றியே பேசுகிறார்கள். என்னை நிறுத்தியது அவன் பார்த்த வேலை.

அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜச் சம்பவம் உண்டு. 1880 ஆகஸ்டில், 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு கடலில் தத்தளித்த ‘ஜெட்டா’ கப்பலைக் கைவிட்டு, கேப்டனும் வெள்ளைக்கார அதிகாரிகளும் படகில் தப்பினார்கள். கப்பல் மூழ்கிவிட்டதென்று ஏடன் துறைமுகத்தில் சொன்னார்கள். மறுநாளே இன்னொரு கப்பல் அதை இழுத்து வந்தது, பயணிகள் உயிரோடு. கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான முதல் மேட் அகஸ்டின் போட்மோர் வில்லியம்ஸின் பெயர் கெட்டுப்போனது. ஜிம்முக்கு முன்மாதிரி அவர்தான்.

நாவலில் ஜிம்மைப் போலவே, அவர் சிங்கப்பூரில் ‘வாட்டர் கிளார்க்’ ஆனார். கயிறு, பாய், பெயின்ட் விற்கும் கடைக்காக, துறைமுகத்துக்கு வரும் கப்பலைப் போட்டியாளருக்கு முன்பே படகில் எட்டிப்பிடித்து, கேப்டனைக் கடைக்கு அழைத்து வரும் தொழில் அது. தன் கதை தெரிந்த மாலுமிகளின் முகத்தில்தான் அவர் நாள்தோறும் விழிக்க வேண்டியிருந்தது.

ஜிம் ஊர் ஊராக ஓடினான். வில்லியம்ஸ் அங்கேயே குடும்பம் நடத்தி, 1916இல் இறந்தார். அந்த நிலைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கைவிடப்பட்ட பயணிகளின் பக்கத்திலிருந்தும் ஒரு நாவல் எழுதப்பட வேண்டும். அந்தக் கடன் இலக்கியத்துக்கு இருக்கிறது.