பல்கணுக் கணினிகளில் குறுக்கீட்டுக்கான நினைவக ஒதுக்கீடு

செயலிகளும் நினைவகமும் பல கணுக்களாகப் பிரிந்திருக்கும் கணினியில், சாதனங்கள் எழுப்பும் குறுக்கீடுகளைக் கையாளத் தேவையான தரவை எந்தக் கணுவில் வைப்பது என்பதைப் பற்றியது இத்துறை. தன் கணுவின் நினைவகத்தைச் செயலி விரைவாக எட்டும். அயல் கணுவுக்குப் போக இணைப்புத் தடத்தைக் கடக்க வேண்டும். 1996இல் வந்த எஸ்ஜிஐ ஆரிஜின் 2000 போன்ற பெரிய இயந்திரங்களின் கவலையாக இருந்த இது, 2003இல் ஏஎம்டி ஆப்டெரான் நினைவகக் கட்டுப்பாட்டைச் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்த பின், இரண்டு செயலி பொருத்திய சாதாரண சர்வர்களுக்கும் வந்து சேர்ந்தது. தரவைச் சாதனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தத் தரவு எவ்வளவு நேரம் வாழ்கிறது, அதை யார் தொடுகிறார்கள் என்பவையே இடத்தைத் தீர்மானிக்கின்றன என்று லினக்ஸ் கெர்னலின் வரலாறு காட்டுகிறது.

தொடக்கத்தில் லினக்ஸ், குறுக்கீடு ஒவ்வொன்றுக்குமான விவரக்குறிப்பை நிலையான ஓர் அணியில் வைத்திருந்தது. எம்எஸ்ஐ-எக்ஸ் முறையில் ஒரே சாதனம் 2048 குறுக்கீடுகள்வரை கேட்க முடியும் என்றான பிறகு அந்த அணி கட்டுப்படியாகவில்லை. 2009இல் வெளியான 2.6.29 பதிப்பு, தேவைப்படும்போது மட்டும் விவரக்குறிப்பை ஒதுக்கும் வசதியைத் தந்தது. குறுக்கீட்டை வேறு கணுவின் செயலிக்கு மாற்றினால் விவரக்குறிப்பும் கூடவே இடம்பெயரும் ஏற்பாடும் அக்காலத்தில் சேர்ந்தது. பார்க்க அழகான ஏற்பாடுதான். ஆனால் பெயரும் வேளையில் இன்னொரு செயலி பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அடிக்கடி தொடப்படும் விவரக்குறிப்போ எப்படியும் கையாளும் செயலியின் கேஷிலேயே இருக்கும். பெயர்த்துக் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். 2009இலேயே இந்த இடப்பெயர்ச்சி கைவிடப்பட்டது; 2010இல் தாமஸ் கிளைக்ஸ்னர் குறுக்கீட்டு அடுக்கைத் திருத்தியபோது அதன் எச்சங்களும் நீக்கப்பட்டன.

நெட்வொர்க் பாக்கெட்டுகளின் கதை இதைவிடத் தெளிவானது. 2007இல் வந்த 2.6.20 பதிப்பு, வரும் பாக்கெட்டுக்கான நினைவகத்தை நெட்வொர்க் கார்டு இருக்கும் கணுவிலேயே ஒதுக்கத் தொடங்கியது. 2010இல் எரிக் டுமாசே அதைத் திருப்பினார். பாக்கெட்டின் ஆயுள் மிகக் குறுகியது. சுமையைப் பல செயலிகள் பகிரும்போது, ஒவ்வொன்றும் ஒரே கணுவிடம் போய் வாங்கித் திருப்பித் தரும் செலவு, அருகாமை தரும் ஆதாயத்தை விழுங்கிவிடுகிறது என்பது அவர் வாதம். சாதனம் நேரடியாக எழுதுகிற நினைவகம் பக்கத்தில் இருப்பதுதானே நல்லது என்று கேட்கலாம். நீண்ட காலம் நிலைத்திருந்து, கார்டு ஓயாமல் படிக்கிற வளையப் பட்டியல்களுக்கு அது பொருந்தும். டிரைவர்கள் இன்றும் அவற்றைக் கணு பார்த்தே ஒதுக்குகின்றன. குறுக்கீடுகள் எல்லாவற்றையும் கார்டின் கணுவிலேயே கட்டிவைத்தால் சிக்கலே இல்லையே என்பார்கள் சிலர். அந்தக் கணுவின் செயலிகள் சுமையைத் தாங்கும்வரை அது சரி. பெரிய சர்வர் வாங்குவதே அதற்கு மேற்பட்ட சுமைக்காகத்தான்.

2019இல் பக்கக் குளம் என்ற ஒதுக்கீட்டு அடுக்கில் நடுவழி ஒன்று அமைந்தது. குறுக்கீட்டைக் கையாளும் செயலி கணு மாறினால், இருக்கும் பக்கங்களை யாரும் பெயர்ப்பதில்லை; பழையவை மறுசுழற்சிக்கு வராமல் கழிய, புதியவை புதிய கணுவிலிருந்து வாங்கப்படுகின்றன. இவையெல்லாம் சாதனம் எந்தக் கணுவில் இருக்கிறது என்று ஃபர்ம்வேர் சொன்னால்தான் முழுப் பயன் தரும். சாதனத்தின் கணு எண்ணைக் காட்டும் கோப்பில் -1 இருந்தால், அந்தத் தகவல் கெர்னலுக்குக் கிட்டவே இல்லை என்று பொருள்.