போத்தனூர்: இருப்புப்பாதைச் சந்திப்பும் அதைச் சார்ந்து எழுந்த ஊரும்

முன்னுரை

கோயம்புத்தூரின் நவீன வளர்ச்சியை ஆராய்வோர் பஞ்சாலைகளையும் பைக்காரா மின்சாரத்தையும் முதன்மைக் காரணிகளாகக் கொள்வர். நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவிலுள்ள போத்தனூர் அவ்வாய்வுகளில் பெரும்பாலும் சிறு குறிப்பாகவே இடம்பெறுகிறது. ஆயினும், இருப்புப்பாதையின் தொடக்கக் காலத்தில் முதன்மைப் பாதையில் இருந்தது போத்தனூரே. கோயம்புத்தூர் கிளைப்பாதை நிலையமாகவே இருந்தது. இந்நிலை தலைகீழானதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சந்திப்பு ஓர் ஊரைத் தோற்றுவிக்கலாம். அவ்வூர் நகராக வளர்வதோ வேறு காரணிகளைச் சார்ந்தது என்பது இதன் கருதுகோள்.

சந்திப்பின் தோற்றம்

சென்னை ரயில்வே கம்பெனி, சென்னையை மேற்குக் கடற்கரையின் பேப்பூருடன் இணைக்கும் பாதையை 1862இல் நிறைவுசெய்தது. இரு கடற்கரைகளையும் இணைப்பதே அதன் நோக்கம். ஆகவே, பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்ற பாதை, மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூரை வடக்கே ஒதுக்கிவிட்டுப் போத்தனூர் வழியாக அமைந்தது. 1873இல் போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. நீலகிரிக்குச் செல்வோரும் அம்மலையின் விளைபொருள்களும் இக்கிளையைப் பயன்படுத்தவே, போத்தனூர் சந்திப்பாயிற்று. 1908இல் இப்பகுதி தென்னிந்திய ரயில்வேயின் ஆளுகைக்கு வந்தது. 1915இல் பொள்ளாச்சி மீட்டர் பாதையும் வந்து சேர்ந்தது.

நிர்வாகம் அமைத்த ஊர்

இச்சந்திப்பைச் சுற்றி எழுந்தது ரயில்வே குடியிருப்பு. எஞ்சின் ஓட்டுநர், கார்டு, எழுத்தர், பாதைப் பணியாளர் ஆகியோரின் உழைப்பால் அது இயங்கியது. அவர்களுள் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய குடியிருப்புகளில் நிலமும் வீடும் நிர்வாகத்தின் உடைமை. பணி ஓய்வு பெற்றவர் வீட்டைவிட்டு நீங்கியாக வேண்டும். ஊதியம் ஊருக்குள் வந்ததேயன்றி, மூலதனம் அங்கு வேரூன்ற வாய்ப்புக் குறைவாக இருந்தது. கோயம்புத்தூரின் நிலை வேறு. பருத்தி வணிகமும் நெசவும் நிலவிய அந்நகரில் 1888இல் நூற்பாலை தோன்றியது. சரக்கு அங்கேயே உருவாயிற்று. அதனை நாடி இருப்புப்பாதையும் வளைந்தது. பின்னர் இருகூரிலிருந்து அமைந்த இணைப்பு, கிழக்கிலிருந்து வரும் வண்டிகள் நேரே கோயம்புத்தூரை அடைய வழிவகுத்தது.

நினைவில் விடுபட்ட நிலையம்

1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் கைதானோர் திரூரிலிருந்து காற்றோட்டமற்ற மூடிய சரக்குப் பெட்டியொன்றில் அடைத்து அனுப்பப்பட்டனர். போத்தனூரில் அப்பெட்டி திறக்கப்பட்டபோது பலர் மூச்சுத்திணறி இறந்திருந்தனர். மொத்தத்தில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திரூரில் இதற்கு நினைவு மண்டபம் உள்ளது. அக்கொடுமை வெளிப்பட்ட இடமான போத்தனூரோ தமிழகத்தின் வட்டார வரலாற்றெழுத்தில் போதிய கவனம் பெறவில்லை. கைதிகளின் ஊர் திரூர்ப்பக்கம், வண்டியின் வழித்தடம் போத்தனூர். ஆதலால் இந்நிகழ்வு மலபாரின் வரலாறாக மட்டுமே கருதப்பட்டுவந்துள்ளது. வழித்தடங்களும் வரலாற்றுக் களங்களே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

1956இல் போத்தனூர்க் கோட்டம் கலைக்கப்பட்டு, கோட்டத் தலைமையகம் பாலக்காட்டின் ஒலவக்கோட்டுக்கு மாறியது. அதே ஆண்டில் மொழிவழி மாநிலங்களும் அமைந்தன. இவ்வாறு தமிழ்நாட்டின் இச்சந்திப்பு, 2007இல் சேலம் கோட்டம் உருவாகும்வரை கேரளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கோட்டத்தின்கீழ் இருந்தது. சைகை, தொலைத்தொடர்புப் பணிமனை இன்றும் இயங்கினும், ஊர் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. நிர்வாக முடிவால் உருவான ஊர், நிர்வாக முடிவாலேயே சிறப்பிழந்தது என்பது இவற்றால் பெறப்படும். எனவே சந்திப்பு ஊர்களை ஆராய்வோர் பாதை திறந்த ஆண்டுகளைப் பட்டியலிடுவதோடு அமையாது, நில உடைமை, குடியிருப்பு, பணியாளர் வாழ்வு ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். ஜோலார்பேட்டை, அரக்கோணம், விழுப்புரம் முதலிய சந்திப்புகளோடு போத்தனூரை ஒப்பிட்டு ஆராய்வது இத்திசையில் பயன்தரும்.