பானெட்டுக்கு ஒரு கொழுகொம்பு

சிங்கம்புணரிக்கு வெளியூர்க்காரர்கள் போவதென்றால் சேவுகப்பெருமாள் ஐயனாரைத் தரிசிக்கப் போவார்கள். இல்லாவிட்டால் கயிறு வாங்கப் போவார்கள். நான் போனது பக்கத்திலிருக்கும் பிரான்மலையைப் பார்ப்பதற்காக. திரும்பி வந்தது தலையில் ஒரு புடைப்போடு.

பிரான்மலைதான் வள்ளல் பாரியின் பறம்பு மலை என்று சொல்கிறார்கள். படர்வதற்குக் கொம்பில்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போனானே, அந்தப் பாரி. அடிவாரத்தில் நின்று அவனை நினைத்துக் கொண்டிருந்தபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. என் பழைய மோட்டாரும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். டிரில் மாஸ்டர் மாதிரி விறைப்பாக நின்றது. தண்ணீர் பார்த்தேன், மூடினேன், ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் மார்கழி விடியற்காலை. புறப்படுமுன் எண்ணெய் அளவு பார்க்கலாமென்று அதே பானெட்டை அதே மாதிரி தூக்கி நிறுத்திவிட்டுக் குனிந்தேன். அடுத்த விநாடி பானெட் என் தலைமேல் இருந்தது. நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மஞ்சள் பற்றுக் குழைக்க ஓடினாள்.

"நேத்து நின்னுச்சே!" என்றேன், பட்டறைக்காரரிடம்.

"நேத்து வெயில்லே நின்னுச்சுங்க ஐயா. இன்னிக்குப் பனியிலே நிக்கலை" என்றார் அவர். அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். பானெட்டின் இரண்டு பக்கமும் இருந்த கறுப்புத் தண்டுகளை விரலால் தட்டிப் பார்த்தார். கடைக்காரர்கள் ஸ்ட்ரட் என்று சொல்லும் இதற்கு அவருடைய பட்டறையில் காஸ் ஷாக் என்று பெயர். "காஸ் ஷாக் செத்துப் போச்சு. சூட்டிலே கொஞ்சம் உயிர் வரும், குளிர்ந்தா போயிரும்."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பிசகில்லை. அடைபட்ட வாயுவின் அழுத்தம் சூட்டோடு ஏறும், சூட்டோடு இறங்கும். எஞ்சின் அனலில் ஐம்பது டிகிரியிலிருந்த தண்டு விடியற்காலையில் இருபது டிகிரிக்கு வந்தால், பத்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். புதுத் தண்டுக்கு அது ஒரு பொருட்டல்ல. உயிர் ஊசலாடும் கிழத் தண்டுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்குதான் நிற்பதற்கும் விழுவதற்கும் நடுவிலிருக்கும் வித்தியாசம்.

கம்பெனிக்காரர்களிடம் விலை கேட்டேன். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். ஜோடிக்கு அவர்கள் சொன்ன தொகையில் என் முதல் சைக்கிளை ஒரு டஜன் வாங்கியிருக்கலாம். வேறு வழி உண்டா என்று பட்டறைக்காரரைக் கேட்டேன். வழி இருக்கிறது, ஆனால் அவசரப்படக் கூடாது என்றார். அவசரப்படாமல் அந்தப் பட்டறைப் பலகையில் உட்கார்ந்திருந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டதும், பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

மோட்டார் பிறந்த காலத்தில் பானெட்டுக்கு முட்டு என்ற பிரச்னையே கிடையாது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்து தள்ளினாரே ஹென்றி போர்டு, அந்த 'டி' மாடலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். எஞ்சினை மூடிய தகடு, விரித்துக் கவிழ்த்த புத்தகம் மாதிரி நடுவில் கீல் வைத்தது. எந்தப் பக்கம் வேலையோ அந்தப் பக்கத்துத் தகட்டைத் தூக்கி மறுபக்கத்தின் மேல் மடித்துப் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

1930-களில் மோட்டாரின் முகம் அகன்றது. தனித்தனியாக நின்ற மட்கார்டும் பானெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கவாட்டில் திறக்க இடமில்லாமல் போகவே, கண்ணாடிக்கு அருகில் கீல் வைத்து முழு மூடியையும் வாய் பிளப்பதுபோல் தூக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் இதற்கு முதலை வாய் என்று பெயர் வைத்தார்கள். முதலையின் வாய்க்குள் தலையை விடுகிறவனுக்கு ஒரு முட்டு வேண்டாமா? அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

முதலில் ஒரு கம்பி. பெட்டிக் கடையின் மேல்பலகையைக் கழியால் தாங்கி நிறுத்துகிறார்களே, அதே வித்தை. கனமான அமெரிக்க வண்டிகளில் பிறகு கீலோடு பெரிய சுருள் வில்களைச் சேர்த்தார்கள். கிணற்று ஏற்றத்தில் துலாவின் அடியில் கல்லைக் கட்டி, இறைக்கிறவன் கைப்பாரத்தைக் குறைக்கிற யுக்தி இது. கல்லுக்குப் பதில் வில்.

இந்த அமெரிக்க வண்டிகள் செட்டிநாட்டுக்கு எங்கே வந்தன என்று கேட்காதீர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டிய மாளிகைகளின் முகப்பில் ஷெவர்லேயும் ப்யூக்கும் நின்ற காலம் ஒன்று இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டி பூட்டும் தொழிற்சாலையே வைத்திருந்தது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியில் ஓடுவதற்கான காஸ் பிளாண்டுகளை மதுரை டி. வி. எஸ். நிறுவனமே செய்து கொடுத்தது. அதுவும் கடந்தது. 1953-ல் சர்க்கார் ஒரு முடிவு செய்தது: பாகங்களை இங்கேயே படிப்படியாகச் செய்கிறவர்களுக்குத்தான் இடம், வெறுமனே பூட்டி விற்கிறவர்களுக்கு இல்லை என்று. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்க் கதவைச் சாத்தியது. போர்டும் அதையொட்டியே மூட்டை கட்டியது. தேசத்துக்கு அது நல்லதாயிற்று என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முகப்பில் நின்ற ப்யூக்குக்கு அன்றைக்கு யார் சாமான் கொடுப்பது?

பட்டறைக்காரரின் தகப்பனார் போன்றவர்கள் கொடுத்தார்கள். ஒரு பெரிய வீட்டு அமெரிக்க வண்டியை அவர் பல வருஷம் ஓட்டி வைத்தாராம். பானெட் வில் தளர்ந்ததும் லாரி வில்லைத் துண்டாக்கிக் காய்ச்சி, பதம் கொடுத்து மாட்டினார். இரண்டு மாதம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஒருநாள் கொக்கி நழுவிற்று.

"அதுக்கப்புறம் எங்கப்பாவுக்கு வலது கையிலே மூணு விரல்தாங்க ஐயா. ஸ்பேனரை இடது கையிலே பிடிக்கப் பழகிக்கிட்டாரு" என்றார் பட்டறைக்காரர். சொல்லிவிட்டு, பானெட்டுக்கு அடியில் எதையோ எடுக்கக் கை நீட்டிய எடுபிடிப் பையனை, "டேய், கழி வச்சியா?" என்று ஓர் அதட்டல் போட்டார். பையன் கையை இழுத்துக்கொண்டான். அந்தப் பட்டறையில் கழி முட்டுக் கொடுக்காமல் எந்த பானெட்டுக்கு அடியிலும் யாரும் கை வைப்பதில்லை, காஸ் ஷாக் புதியதாக இருந்தாலும் சரி.

காஸ் ஷாக்கின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ரைன் நதியும் மோசெல் நதியும் கலக்கும் கோப்லென்ஸ் நகரத்தில் 1934-ல் தோன்றிய ஸ்டபிலஸ் என்ற கம்பெனி, 1960-களின் தொடக்கத்தில் இதைப் பெருவாரியாகச் செய்ய ஆரம்பித்தது. எஃகு உருளைக்குள் நைட்ரஜன் வாயுவை அடைத்து, கொஞ்சம் எண்ணெயும் விட்டு, வழவழப்பான ஒரு கம்பியைச் செருகியிருக்கிறார்கள். வாயு அந்தக் கம்பியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் அதை நிதானப்படுத்தும், ரப்பர் வளையத்தை உலராமல் காக்கும். கம்பி கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொல்வது இதனால்தான். தலைகீழாக மாட்டினால் வளையம் காய்ந்து சீக்கிரம் கசியும்.

கம்பியின் பளபளப்பு குரோமிய முலாம். அதில் துரு ஒரு புள்ளி வைத்தால் போதும், உள்ளே போய்வரும் ஒவ்வொரு தடவையும் வளையத்தை அது அராவும். முலாமுக்கும் துருவுக்கும் மருந்து தேடும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் எங்கேயோ இல்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, நேரு 1948-ல் அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது, இதே மாவட்டத்துக் காரைக்குடியில் இருக்கிறது. என் பானெட் விழுந்ததற்கு அவர்களைப் பொறுப்பாக்க நான் விரும்பவில்லை.

உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று கேட்டேன். பட்டறைக்காரர் சாக்கட்டி எடுத்துத் தரையில் எழுதினார். கம்பி 8 மில்லிமீட்டர் கனம். குறுக்குப் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர். உருளையின்மேல் அச்சிட்டிருந்த எண் 350 நியூட்டன், அதாவது சுமார் 36 கிலோ தள்ளும் பலம். சதுர சென்டிமீட்டருக்கு 72 கிலோ ஆயிற்று. கார் டயரில் நாம் அடைப்பது இரண்டேகால் கிலோ. எனக்குத் தலைப் புடைப்பு ஒரு தடவை விண்ணென்று தெறித்தது.

"இதைத் துளை போட்டு மறுபடி காஸ் அடைச்சுத் தர்றவங்க இருக்காங்க. சல்லிசா முடியும். நான் செய்யமாட்டேன்" என்றார்.

வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழசு? சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட வண்டிகளின் டிக்கிக் கதவிலிருந்து எத்தனையோ கிடைக்கும். ஆனால் அதில் எத்தனை உயிர் பாக்கி என்று வாங்குகிறபோது தெரியாது. கட்டில் கடைக்காரர்களும் இப்போது காஸ் ஷாக் விற்கிறார்கள்; மெத்தையைத் தூக்கினால் அடியில் பெட்டி தெரிகிறதே, அதற்கு. அந்தப் பலத்தை மெல்லிய பானெட்டில் மாட்டினால் மூடும்போது தகடு வளைந்துவிடும். சமையலறை அலமாரிக் கதவுக்கு வருவதோ பானெட்டைத் தாங்காது.

கம்பெனிப் பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார் என்பது அவர் கட்சி. விரித்த நீளம், மடக்கிய நீளம், இரு நுனியிலும் உள்ள குமிழின் அளவு, தள்ளும் பலம் இந்த நான்கும் ஒத்தால் எந்த வண்டிக்குச் செய்ததாக இருந்தாலும் பொருந்தும். என் வண்டியில் ஒரு பக்கத்து எண் அழிந்திருந்தது. மறுபக்கத்து எண்ணையும் அவர் நம்பவில்லை, முந்தைய சொந்தக்காரர் எதையாவது மாட்டியிருக்கலாம் என்று. கயிற்று மண்டியிலிருந்து தொங்கு தராசை இரவல் வாங்கிவரப் பையனை அனுப்பினார். தண்டுகளைக் கழற்றிவிட்டு, பாதி திறந்த பானெட்டின் முன் நுனியைத் தராசில் மாட்டித் தூக்கினோம். 9 கிலோ காட்டியது. கீலிலிருந்து அந்த நுனிக்கு 100 சென்டிமீட்டர். தண்டு தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் இடையே செங்குத்தாக 15 சென்டிமீட்டர். தொள்ளாயிரத்தைப் பதினைந்தால் வகுத்தால் அறுபது. இரண்டு தண்டுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு முப்பது கிலோ. ஏறக்குறைய 300 நியூட்டன். மார்கழிக் குளிருக்கும் தேய்மானத்துக்கும் கொஞ்சம் கூட்டினால் 350. அச்சிட்டிருந்த எண் சரிதான்.

அந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மதுரைக்குப் போகும் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் சாயங்காலம் சாமான் வந்தது. கம்பெனி சொன்ன விலையில் நாலில் ஒரு பங்கு. மாட்டுவதற்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு, நான் கேட்காமலே, ஒரு நீளக் கம்பியை வளைத்து, பானெட்டுக்குள் படுத்துக்கொள்ளும்படி ஒரு கொக்கியும் வைத்துப் பூட்டினார். 1983-ல் வந்த மாருதி 800-க்கு இந்தக் கம்பி ஒன்றுதான் முட்டு. அதை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான வண்டிகள் ஓடின. "காஸ் ஷாக் தூக்கிக் குடுக்கட்டும். கம்பி தாங்கட்டும்" என்றார்.

புறப்படும்போது பழைய தண்டுகள் இரண்டையும் கையில் எடுத்தேன். வழியில் பழைய இரும்புக் கடையில் போட்டால் காப்பிச் செலவுக்காவது ஆகுமே என்று.

"அது வேணாம் ஐயா, குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். "செத்தாலும் உள்ளே பாதி காஸ் இருக்கும். தெரியாமே யாராவது உலையிலே போட்டாங்கன்னா குண்டு மாதிரி வெடிக்கும்."

அண்ணாந்து பார்த்தேன். பட்டறை விட்டத்தில், சின்னப் பையன்களுக்கு எட்டாத உயரத்தில், கயிற்றால் கட்டி நாற்பது ஐம்பது தண்டுகள் அடுக்கியிருந்தன. என்னுடையவற்றையும் அவற்றோடு சேர்த்துக் கட்டச் சொல்லிப் பையனிடம் ஏணியைக் காட்டினார்.