நோட்டு

உசிலம்பட்டிப் பக்கத்துக் கல்யாண ஊர்வலத்தில் நாகசுரக்காரரிடம், ‘ஒரு நோட்டு வாசிங்கண்ணே’ என்று கேட்பவர், ரூபாய் நோட்டையோ பள்ளிக்கூட நோட்டையோ கருதுவதில்லை; துள்ளுநடையில் செல்லும் மேனாட்டு மெட்டையே வேண்டுகிறார்.

லத்தீனில் அடையாளம் எனப் பொருள்படும் ‘நோட்டா’ என்னும் பதம், ஆங்கிலத்தில் ‘நோட்’ ஆகி, இசைக்குறியையும் அக்குறி சுட்டும் ஸ்வரத்தையும் உணர்த்தி, இங்கு வந்து உகரம் ஏற்று ‘நோட்டு’ ஆயிற்று. கும்பினியாரின் பாண்டு மெட்டுகளுக்கு, 1835-இல் மறைந்த முத்துஸ்வாமி தீக்ஷிதர் சம்ஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். சங்கராபரண ஸ்வரங்களில், கமகமின்றி நேராக நடக்கும் அவை ‘நோட்டுஸ்வரம்’ எனப் பெயர் பெற்றன. ஆங்கிலமும் சம்ஸ்கிருதமும் தமிழ் உச்சரிப்பில் கைகோத்த இச்சொல்லைவிட அவ்வுருப்படிகளுக்குப் பொருத்தமான நாமம் வேறில்லை என்பது என் துணிபு.

பிற்காலத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த ‘இங்கிலீஷ் நோட்டு’, 1912-இல் பிறந்த மதுரை மணி ஐயரின் கச்சேரிகளில் ரசிகர்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் உருப்படியாயிற்று.

இங்கே சுருதிநுட்பம் ஒன்றுண்டு. பியானோவில் ஸ்தாயி பன்னிரண்டு சமபாகங்களாகப் பகுக்கப்படுவதால், அதன் காந்தாரம், தம்பூராவின் ஷட்ஜத்திலிருந்து இயல்பாக எழும் அந்தர காந்தாரத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும். நாகசுர வித்துவானோ, மூச்சாலும் சீவாளியின்மீது உதட்டின் அழுத்தத்தாலும் அவ்வுயர்ச்சியைத் தணித்து, அயல்மெட்டை நம் சுருதியோடு இசைவித்துவிடுகிறார்.