வேடம் பூண்ட அரசும் பெண்வேடம் பூண்ட நடிகரும்: எவிட்டா பெசெய்டன்ஹௌட் குறித்து

பெண்வேட நகைச்சுவையை ஆராய்பவர்கள் பெரும்பாலும் பாலினத்தைப் பற்றிய கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள். ஆண் எதற்காகப் பெண்ணாகிறான், அவன் பெண்ணை இழிவுபடுத்துகிறானா, கொண்டாடுகிறானா என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்க நாடகாசிரியரும் நடிகருமான பீட்டர்-டிர்க் ஏய்ஸ் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்றுவந்த எவிட்டா பெசெய்டன்ஹௌட் என்ற பாத்திரத்துக்கு இந்தக் கேள்விகள் போதவில்லை. அவருடைய அரங்கில் சிரிப்பு எழுந்ததற்கு ஓர் ஆண் கவுன் அணிந்ததைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்நாட்டின் இனஒதுக்கல் அரசே சட்டத்தின் துணையோடு வேடமிட்டுக்கொண்டிருந்தது. எவிட்டா அந்த வேடத்தை அப்படியே நம்பினாள் என்பதே அவளுடைய முழு நகைச்சுவையும் என்பது என் வாதம்.

ஏய்ஸ் 1945இல் கேப்டவுனில் பிறந்தார். தந்தை ஹன்னஸ் ஏய்ஸ் ஆப்பிரிகானர், அதாவது ஆப்பிரிகான்ஸ் பேசும் வெள்ளையர். தாய் ஹெல்கா பாஸெல் பெர்லினைச் சேர்ந்த பியானோ கலைஞர். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் தொழில் உரிமையை இழந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர். 1969இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் யூதர் என்பது பிள்ளைகளுக்கு அதன் பிறகே தெரியவந்தது. மறைக்கப்பட்ட இந்த அடையாளத்தைக் கொண்டே மகனின் வேடக்கலை முழுவதையும் விளக்கிவிட ஆய்வாளர்களுக்கு ஆசை எழும்; அதை அடக்கிக்கொள்வது நல்லது. கேப்டவுன் பல்கலைக்கழகத்திலும் லண்டன் திரைப்படப் பள்ளியிலும் படித்துத் திரும்பிய ஏய்ஸை உருவாக்கியது, குடும்பக் கதையைவிட, 1974ஆம் ஆண்டின் வெளியீடுகள் சட்டம்தான்.

அச்சட்டத்தின் கீழ் இயங்கிய தணிக்கைக் குழுக்கள் எழுபதுகளில் அவருடைய நாடகங்கள் பலவற்றைத் தடைசெய்தன. எழுதி முடித்து, ஒத்திகை பார்த்து, நடிகர் கூட்டத்தோடு மேடையேற்றும் நாடகத்தைத் தடுப்பது எளிது: தடுக்கப் பிரதி இருக்கிறது, பாழாகப் பணம் இருக்கிறது. ஏய்ஸ் வேறு வழி தேடினார். எழுபதுகளின் இறுதியில் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ இதழில் அவர் எழுதிய பத்தியில், ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரின் மனைவி ஒருத்தி நிர்வாகத் தலைநகர் பிரிட்டோரியாவின் விருந்துகளில் காதில் விழுந்ததையெல்லாம் உளறத் தொடங்கினாள். தகவல் துறை ஊழலால் அரசு ஆட்டம் கண்டிருந்த காலம் அது. செய்தியாளர் எழுதினால் வழக்கு வரும். விருந்தில் ஒரு சீமாட்டி வம்பளந்தால் என்ன வரும்?

1981இல் ‘அடாப்ட் ஆர் டை’ என்ற தனிநபர் நிகழ்ச்சியில் இந்தச் சீமாட்டி எவிட்டாவாக மேடையேறினாள். வெள்ளையர்கள் மாறாவிட்டால் மடிய வேண்டியதுதான் என்று பிரதமர் பி. டபிள்யூ. போத்தா சொல்லியிருந்ததைக் கேலி செய்யும் தலைப்பு அது. ஒரே நடிகர், சில விக்குகள், சில மூக்குக்கண்ணாடிகள். அன்றைய செய்திக்கேற்ப வசனம் மாறும். நேற்றைய நிகழ்ச்சியைத் தடைசெய்து யாருக்கு என்ன பயன்? போத்தாவாக வரும்போது ஏய்ஸ் உதட்டை நக்கிக்கொண்டு சுட்டுவிரலை ஆட்டுவார். ஆனால் பிரதமரைப் போலச் செய்வது பலகுரல் கலைஞர் எவரும் செய்யக்கூடியதுதான். எவிட்டாவை வேறுபடுத்தியது அவள் வகித்த பதவி. அவள் பபெட்டிகோஸ்வெட்டி என்ற கறுப்பர் தாயகத்துக்குத் தென்னாப்பிரிக்கக் குடியரசின் தூதர்.

பபெட்டிகோஸ்வெட்டி கற்பனை நாடு. அப்படியானால் டிரான்ஸ்கை என்ன? 1976இல் டிரான்ஸ்கை, 1977இல் போபுதட்ஸ்வானா, 1979இல் வெண்டா, 1981இல் சிஸ்கை என நான்கு நிலப்பகுதிகளுக்கு பிரிட்டோரியா ‘சுதந்திரம்’ வழங்கியது. கொடி இருந்தது, நாட்டுப்பண் இருந்தது, கடவுச்சீட்டும் இருந்தது. உலகில் வேறெந்த நாடும் அவற்றை நாடுகளாக ஏற்கவில்லை. போபுதட்ஸ்வானா ஒன்றோடொன்று ஒட்டாத துண்டு நிலங்களாகச் சிதறிக் கிடந்தது. இந்த ஏற்பாட்டால் லட்சக்கணக்கான கறுப்பர்கள் தாங்கள் கண்ணாலும் காணாத ‘நாடு’களின் குடிமக்களாக்கப்பட்டுத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை இழந்தனர். அங்கெல்லாம் பிரிட்டோரியா மெய்யாகவே தூதர்களை அமர்த்தியது. ஆகவே பபெட்டிகோஸ்வெட்டித் தூதருக்கும் டிரான்ஸ்கைத் தூதருக்கும் இடையே வேறுபாடு காண வேண்டுமானால், முன்னவர் பொய் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதைத்தான் சொல்ல முடியும்.

பெண்வேடம் இங்கேதான் தேவையாகிறது. தூதராக ஓர் ஆண் பாத்திரத்தை ஏய்ஸ் படைத்திருந்தால், பார்வையாளர்கள் அவரை ஒரு நடிகராக ஏற்று மறந்திருப்பார்கள். சீமாட்டி உடையில் ஓர் ஆண் நின்று தாயகங்களின் இறையாண்மையைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசும்போது, கண்முன்னே நிற்கும் பொய்யும் காதில் விழும் பொய்யும் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கின்றன. குற்ற நோக்கோடு மாறுவேடம் அணிவதற்கு எதிராக 1969இல் சட்டம் இயற்றிய நாடு அது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆஸ்திரேலியர் பாரி ஹம்ப்ரிஸின் டேம் எட்னாவோடு எவிட்டாவை ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு பாதி தூரமே வரும். எட்னா எதிரே இருப்பவரைக் கடித்துக் குதறுவாள். எவிட்டா யாரையும் புண்படுத்துவதில்லை. உபசரிக்கிறாள், பரிவு காட்டுகிறாள், நல்ல தாயாக இருக்கிறாள். கொடுமை அவளுடைய வாயில் விருந்தோம்பலாக வருகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடித் தொடர்புள்ள ஓர் இடம் உண்டு. 1983 நவம்பரில் வெள்ளையர் மட்டும் வாக்களித்த பொதுவாக்கெடுப்பு, மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றத்துக்கு ஒப்புதல் அளித்தது. வெள்ளையர் அவைக்கு 178 இடங்கள், கலப்பினத்தவர் அவைக்கு 85, இந்தியர் அவைக்கு 45, கறுப்பர்களுக்கு ஒன்றுமில்லை. நேட்டால் மாகாணத் தமிழர்களும் அந்த 45 இடங்களைக் கொண்டு மனநிறைவு அடைய வேண்டியவர்களாகக் கருதப்பட்டார்கள். 1984 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் பதிவுசெய்த இந்திய வாக்காளர்களுள் சுமார் ஐந்தில் ஒருவரே வாக்களித்தார். அந்த ஆண்டில்தான் ஏய்ஸ் ‘டோட்டல் ஆன்ஸ்லாட்’ நிகழ்ச்சியை நடத்தினார். அவர் மேடையில் செய்ததை நேட்டால் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் செய்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு கடுமையான மறுப்பு ஒன்றை எதிர்கொள்ள வேண்டும். ஏய்ஸை அரசு விட்டுவைத்தது, அவர் வெள்ளையர், அதுவும் ஆப்பிரிகானர் என்பதால்தான். சிரித்துக் கலைந்த கூட்டம் மறுநாள் அதே வாழ்க்கைக்குத்தான் திரும்பியது என்பார்கள். முதற்பாதி முற்றிலும் உண்மை. அதே 1981இல் பெர்சி ம்ட்வா, ம்போங்கெனி ங்கெமா ஆகிய கறுப்பு நடிகர்கள் பார்னி சைமனோடு உருவாக்கிய ‘வோசா ஆல்பர்ட்!’ நாடகமும் வெளிவந்தது. அதன் நடிகர்களுக்கு ஊருக்குள் நடமாடவே அனுமதிச்சீட்டு வேண்டும், ஏய்ஸுக்கு வேண்டாம். இரண்டாம் பாதியை ஏற்க எனக்குத் தயக்கம். ஏய்ஸின் அரங்கில் அமர்ந்திருந்தவர்களுள் பலர் எவிட்டாக்களும் அவர்களுடைய கணவன்மாரும்தான். வெளியிலிருந்து வரும் கண்டனத்தைச் சதி என்று ஒதுக்கப் பழகியிருந்த சமூகத்துக்கு, தன் உச்சரிப்பிலேயே, தன் விருந்து நாகரிகத்திலேயே தன்னைக் காட்டும் ஆள் தேவைப்பட்டார். தோல் நிறம் தந்த சலுகையை அவர் மறைக்கவில்லை, அதைத்தான் செலவழித்தார்.

1994இல் இனஒதுக்கல் ஆட்சி முடிந்த பிறகு, அதை எதிர்த்த கலைப் படைப்புகள் பலவும் பேசுபொருளை இழந்து நின்றன. எவிட்டா இழக்கவில்லை. அந்நாட்டில் திடீரென்று இனஒதுக்கலை ஆதரித்தவரே எவருமில்லை என்றாகிவிட்டது. அவளும் தான் என்றும் ஆதரித்ததில்லை என்றாள். ‘ஃபுனிகலோர்’ தொலைக்காட்சித் தொடரில் நெல்சன் மண்டேலாவே அவளுக்கு நேர்காணல் தந்தார். கேப்டவுனுக்கு வடக்கேயுள்ள டார்லிங் சிற்றூரின் பழைய ரயில் நிலையம் ‘எவிட்டா செ பெர்ரோன்’ என்ற அரங்கமானது. அதன் தோட்டத்தில் பழைய ஆட்சியாளர்கள் சிறு பொம்மைகளாக நிற்கிறார்கள். எவிட்டாவுக்குக் கறுப்பு மருமகனும் வந்தான். பேத்திகளுள் ஒருத்திக்கு வின்னி-ஜீன் என்று பெயர். முன்னாள் ஆளும் வர்க்கம் எப்படிச் சேதமின்றி மறுகரை ஏறியது என்பதற்கு இந்தக் குடும்ப மரத்தைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைப்பது அரிது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கதத்துக்கு வேறொரு சோதனை வந்தது. எச்.ஐ.வி. கிருமியால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதையே அதிபர் தாபோ ம்பெக்கி ஐயுற்றார். சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்தார். அரசு பொய்யை மெய்யாக நடத்தும் பழைய நிலைமைதான். ஆனால் இம்முறை அரசு மக்கள் தேர்ந்தெடுத்தது, அதன் தலைவர்கள் விடுதலைப் போராளிகள். ஏய்ஸ் ‘ஃபாரின் எய்ட்ஸ்’ நிகழ்ச்சியில் அவர்களையும் விடவில்லை. அதோடு, பள்ளி பள்ளியாகச் சென்று கட்டணமில்லாமல் நிகழ்ச்சி நடத்தினார். ஆணுறை எதற்கு, எப்படி என்று பிள்ளைகளைச் சிரிக்கவைத்தே சொல்லிக்கொடுத்தார். அங்கே அங்கதம் பின்னுக்குப் போய் நேரடிப் பேச்சு முன்னே வந்தது. அதைக் கலையின் சரிவாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அது கலைஞர் தம் கருவியின் எல்லையை அறிந்திருந்ததாகப் படுகிறது. அங்கதம் மட்டும் அரசை அசைத்துவிடவில்லை: தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கிடைக்கச் செய்ய, ‘சிகிச்சைக்கான இயக்கம்’ தொடுத்த வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2002 ஜூலையில் ஆணையிட வேண்டியிருந்தது.