கண்ணில் படாத சொற்கள்

1879ஆம் ஆண்டு, லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே தன் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை போட்டார். ‘ஸ்கிரிப்டோரியம்’ என்று அதற்குப் பெயரிட்டார். அந்தக் காலத்து மடாலயங்களில் துறவிகள் ஏடு படியெடுத்த அறைக்குரிய பெயர் அது. உள்ளே சுவரோரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மாடங்கள். அவற்றில் அடுக்குவதற்காகக் காகிதச் சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மொத்த எடை கிட்டத்தட்ட இரண்டு டன். ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் சுண்டெலி ஒன்று குட்டிகளோடு குடியிருந்தது. ‘எச்’ எழுத்துக்குரிய சீட்டுகளைத் தேடினால் அவை இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இருந்தன. ‘பி, ஏ’ என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகளில் பெரும்பகுதி அயர்லாந்தில் அடுப்பு மூட்டப் போய்விட்டிருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி உருவானது இந்தக் குவியலிலிருந்துதான்.

அதற்கு முன்பும் ஆங்கிலத்தில் அகராதிகள் இருந்தன. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி 40,000க்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் சொன்னது. புகழ்பெற்ற எழுத்தாளர்களின் வரிகளைச் சான்றாகவும் காட்டியது. ஆனால் 1857 நவம்பரில் லண்டன் மொழியியல் கழகத்தில் உரையாற்றிய ரிச்சர்ட் செனவிக்ஸ் ட்ரெஞ்ச் என்ற சமயகுரு, இருக்கும் அகராதிகளின் குறைகளை வரிசையாக எடுத்துக்காட்டினார். அகராதி செய்பவர் நல்ல சொல், ஆகாத சொல் என்று தீர்ப்பு வழங்கக் கூடாது, ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் எழுத வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு சொல் எப்போது பிறந்தது, எந்தப் பொருளில் வழங்கியது, எப்போது மாறியது என்று அறிய, அம்மொழியில் எழுதப்பட்ட நூல்களையெல்லாம் வாசித்தாக வேண்டும். சில அறிஞர்களால் ஆகிற வேலையல்ல அது. எனவே பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள்.

அகராதியின் முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் முப்பது வயதில் இறந்தார். அடுத்து வந்த ஃபர்னிவால் காலத்தில் பணி தளர்ந்து, சீட்டுகள் பல வீடுகளுக்குச் சிதறிப்போயின. அவருக்குப் பின் பொறுப்பேற்ற முர்ரே அவற்றைத்தான் திரட்டினார்.

சீட்டு என்பது உள்ளங்கை அளவுத் தாள். இடது மேல்மூலையில் சொல்; அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்க எண்; பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம் முழுமையாக. தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து நூல்களை வாசித்து, இப்படி எழுதி அனுப்பினார்கள்.

பிரித்து அடுக்கியபோது முர்ரே ஒரு குறையைக் கண்டார். வழக்கொழிந்த ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்குச் சுமார் 50 மேற்கோள்கள் வந்திருந்தன. நாள்தோறும் புழங்கும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. அரிய சொல்லைக் கண்டால் நின்று குறித்துக்கொண்ட வாசகர்கள், தெரிந்த சொல்லைக் கவனிக்காமலே கடந்து போயிருந்தார்கள். எனவே 1879இல் முர்ரே வெளியிட்ட புதிய வேண்டுகோள், சாதாரணச் சொற்களுக்கும் முடிந்த அளவு மேற்கோள் தேடும்படி கேட்டுக்கொண்டது. அப்படியும் நிரம்பாத இடங்களை நிரப்ப அவரும் உதவியாளர்களும் பல மணி நேரம் புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

அந்த உழைப்பு என்ன தந்தது என்பதை ‘நைஸ்’ என்ற ஒரு சொல்லிலேயே பார்க்கலாம். மேற்கோள்களைக் கால வரிசையில் வைத்தால் அதன் வாழ்க்கை தெரிகிறது. அதன் மூலம் ‘அறியாதவன்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது முட்டாளைக் குறித்தது. பிறகு எதிலும் குறை காண்பவர் என்றும், நுட்பமானது, துல்லியமானது என்றும் பொருள் நகர்ந்தது. ‘இனிமையானது’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. ‘சில்லி’ என்ற சொல் எதிர்த்திசையில் சென்றது: பேறு பெற்றவர், கள்ளமற்றவர், இரங்கத்தக்கவர், கடைசியில் அசடு. ‘கேர்ள்’ ஒரு காலத்தில் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் பொதுச்சொல். தமிழ்க் கடற்கரையின் கட்டுமரமும் ‘கேட்டமரான்’ ஆகி ஆங்கிலத்துக்குள் போனது. இன்று அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.

பத்தாண்டில் முடித்துவிடலாம் என்றுதான் ஒப்பந்தம் போட்டார்கள். 1884இல் வெளிவந்த முதல் பகுதி ‘ஆன்ட்’ என்ற சொல்வரைதான் எட்டியிருந்தது. அடுத்த ஆண்டு முர்ரே ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார். கடிதப் போக்குவரத்து பெருகவே அஞ்சல்துறை அவர் வீட்டு வாசலிலேயே தபால் பெட்டி வைத்தது. அவருடைய பிள்ளைகள் சில்லறைக் காசுக்குச் சீட்டுகளை அகர வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். காசியில் சமஸ்கிருதக் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்கர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால், இங்கிலாந்தின் சஃபோக் கிராமம் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தபடி, நாளுக்கு நான்கு மணி நேரம் அச்சுப்படிகளைத் திருத்தினார். ஊதியம் வாங்கவில்லை, முர்ரேயை ஒருமுறைகூட நேரில் சந்தித்ததும் இல்லை.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒரு சொல் தப்பியது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ சிக்கிக்கொள்ள, அதற்குரிய பகுதி அது இல்லாமலே அச்சாகிவிட்டது.

முர்ரே 1915இல் மறைந்தார். அப்போது ‘டி’ (T) எழுத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஹென்றி பிராட்லி, வில்லியம் கிரெய்கி, ஆனியன்ஸ் ஆகிய ஆசிரியர்களின் உழைப்பும் சேர்ந்து 1928 ஏப்ரலில் கடைசிப் பகுதி வெளிவந்தது. மொத்தம் 4,14,825 சொற்கள். 18 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள்.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு; அதற்கு மட்டும் சுமார் 430 பொருள்கள். இணையத்தில் இன்றும் தொடரும் திருத்தப் பணியில் அந்த இடத்தை ‘ரன்’ பிடித்துக்கொண்டது. ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதங்கள் உழைத்து, அதன் வினைவடிவத்துக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்.